‘பரவால்ல’ அண்ணன் குகைக்குப் போன கதை

உலகத்தில் எதைக் காட்டினாலும் ஆச்சரியப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. அவரும் எங்கள் கீரனூரில்தான் இருக்கிறார். தாஜ்மகாலைப் பெயர்த்துக்கொண்டு வந்து கீரனூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கி வைத்தாலும், அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “பரவால்ல” என்பார். பிறகு, “பஸ்ஸு திரும்ப எடம் இல்லாமப் போச்சே” என்று கவலைப்படுவார்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். காலை ஏழே முக்கால் பஸ்ஸில் கீரனூரிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகும் எங்களுக்கெல்லாம் அவர் ‘பரவால்ல’ அண்ணன். நான் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டப் போகிறவள். அவர் திருச்சியில் ஒரு மருத்துவப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அவர் மனைவி வசந்தா அக்காவுக்கு ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. மூன்று பேரும் ஒரே பஸ். அக்காவும் நானும் ஒரு சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். அண்ணன் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்து போகும் உலகத்துக்கெல்லாம் ‘பரவால்ல’ போட்டுக்கொண்டு வருவார்.

எங்கள் ரூட்டில் ஒரு புது பஸ் விட்டார்கள். நீல லைட்டு, பாட்டு, மெத்தை சீட்டு, முன்கண்ணாடியில் ரோஜா மாலை. டிரைவருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. ஏறும் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் ஏறினார்.

“எப்பூடிண்ணே நம்ம வண்டி?”

அண்ணன் கூரையைப் பார்த்தார். சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

“பரவால்ல. ஓடுமுல்ல?”

அந்த டிரைவர் மாத்தூர் வரைக்கும் ஹாரனே அடிக்கவில்லை. மனுஷனுக்கு அவ்வளவு வருத்தம்.

பஸ் டிரைவராவது பரவாயில்லை. கறம்பக்குடிப் பக்கம் அண்ணனின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததுதான் பெரிய கூத்து. இலையில் இடமில்லாத அளவுக்குப் பரிமாறியிருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் வாசலில் நின்று கைகூப்பி, “சாப்பாடு எப்படி மாப்ள?” என்று கேட்டார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, “பரவால்ல மாமா” என்றார். அவ்வளவுதான். மாமா சமையல்காரரைக் கூப்பிட்டார். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். “எதுல கொறைங்க? சாம்பாரா, வத்தக்கொழம்பா? சொல்லுங்க, ஒலையில குதிச்சுர்றேன்” என்று அவர் கத்த, “நான் எங்கங்க கொறை சொன்னேன்? ரெண்டு தடவ பாயசம் வாங்கிச் சாப்புட்டேனே” என்று அண்ணன் முழிக்க, கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரே வந்து பஞ்சாயத்துப் பண்ண வேண்டியதாயிற்று.

லேபில் இவரை எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்காதீர்கள். அங்கே முதலில் இவர்தான் கவுண்டரில் உட்கார்ந்து ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவனுக்கு அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் தெய்வம். “சார், எப்படி சார் இருக்கு?” என்று நடுங்கிக்கொண்டே கேட்பான். தெய்வம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “பரவால்ல” என்று அருள்வாக்குச் சொல்லும். ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய், சிங்கப்பூரிலிருந்த மகனைப் போன் போட்டு வரவழைத்து, நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்துவிட்டார். அவருக்கு இருந்தது லேசான ரத்தசோகை. முருங்கைக்கீரை சாப்பிட்டிருந்தால் போதும். மகன் லேபுக்கு வந்து போட்ட சத்தத்தில் முதலாளி அண்ணனை உள்ளே மைக்ராஸ்கோப் பக்கம் உட்காரவைத்து, “இனிமே நீங்க கிருமிகிட்ட மட்டும் பேசுங்க” என்று சொல்லிவிட்டார்.

“இந்த மனுசனை எப்படிக்கா கட்டிக்கிட்டீங்க?” என்று வசந்தா அக்காவிடம் ஒருநாள் கேட்டேன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். “பொண்ணு பாக்க வந்தாகல்ல. நான் காப்பி குடுத்துட்டு நிக்கிறேன். இவுகப்பா, ‘என்னடா, பொண்ணு புடிச்சிருக்கா’ன்னாரு. இவரு நிமுந்துகூடப் பாக்கல. ஓரக்கண்ணால இங்கிட்டு ஒரு பார்வ. ‘பரவால்லப்பா’ன்னாரு. எங்கப்பாவுக்கு வந்துச்சு பாரு கோவம். ‘எம்மக என்ன கத்திரிக்காயா, எந்திரிங்க எல்லாரும்’னுட்டாரு. நாந்தான் அவரத் தனியாக் கூப்புட்டு, ‘அப்பா, முன்னாடி வந்தவுகள்லாம் மகாலட்சுமி மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போயி லெட்டர்ல வேணாம்னு எழுதுனாக. இவராச்சும் மொகத்துக்கு நேரா பேசுறாரு’ன்னேன்.” முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “மக பொறந்தப்பவும் அதே ஓரக்கண்ணு, அதே பரவால்லதான் புள்ள. நானும் என்னைக்காவது ஒரு நாளு வேற வார்த்த வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பஸ் கூட்டம் வருஷத்துக்கு ஒரு டூர் போகும். ஏற்பாடெல்லாம் ஆவூர் வாத்தியார். ஆவூர்க்காரர், கீரனூரில் குடியிருந்து திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். முறுக்கு மீசை. அந்த மீசைக்கு அவர் செய்யும் உபசாரத்தைப் பத்தாம் வகுப்புக்குச் செய்திருந்தால் மொத்தப் பேரும் பாஸாகியிருப்பார்கள். ஒவ்வொரு டூரிலும் வாத்தியாருக்கு ஒரே லட்சியம்: அண்ணன் வாயிலிருந்து ஓர் ‘ஆகா’வை வரவழைப்பது. கன்னியாகுமரி சூரிய உதயத்துக்கு, “பரவால்ல. நம்மூர்லயும் தெனம் வருது” என்றார். அதிரப்பள்ளி அருவிக்கு, “பரவால்ல. தண்ணி நெறயா இருக்கு” என்றார். வாத்தியார் நொந்துபோய், “இந்தாளு வாயிலேர்ந்து என்னைக்கு ஒரு ‘ஆகா’ வருதோ, அன்னைக்கு எம்மீசைய எடுத்துர்றேன்” என்று பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் சபதம் போட்டார். அண்ணன் திரும்பி அந்த மீசையைப் பார்த்து, “பரவால்ல, இருக்கட்டும் வாத்தியாரே” என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். வசந்தா அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது.

அது என்ன கட்டி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, முடி கொட்டுவது எல்லாம் ஆயிற்று. பல மாதம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாக வந்தது. வேறு யாரும் உட்காரவில்லை, உட்கார வந்தவர்களை நான் விடவில்லை. முன் சீட்டில் அண்ணன் மட்டும் போவார். “அக்காவுக்கு எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “பரவால்லம்மா” என்பார். அந்த வார்த்தை ஒன்றும் சொல்லாது. கட்டிலில் படுத்த அந்தப் பெரியவரின் அவஸ்தை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

படுத்த படுக்கையாக இருந்தபோது அக்கா போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். விசாகப்பட்டினத்துக்கு அப்பால் மலைக்குள் ஒரு பெரிய குகை, பொர்ரா குகை. உள்ளே கலர் கலராக லைட்டுப் போட்டு, அரண்மனைபோல் இருந்ததாம். “தேறி எந்திரிச்சா அதப் பாக்கணும் புள்ள” என்று என்னிடம் சொன்னாள். தேறி எழுந்தாள். முடி திரும்ப முளைத்து கிராப்பு வெட்டினதுபோல் நின்றது. பஸ்ஸுக்கும் வந்துவிட்டாள். அந்த வருஷ டூர் பொர்ரா குகை என்று வாத்தியார் அறிவித்தார்.

டிக்கெட் எல்லாம் எடுத்த பிறகு, புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, அக்காவின் அக்குளில் சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது. டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அனுப்பியது அண்ணனின் லேபுக்கு. முடிவு வருவதற்குள் டாக்டர் வெளியூர் போய்விட்டார். நாங்கள் டூர் முடிந்து வந்த பிறகுதான் அவரைப் பார்க்க முடியும். ஆனால் லேபில் அண்ணன் முடிவைப் பார்த்துவிட்டார்.

திருச்சியில் ரயிலேறிய அன்று, பாத்ரூம் பக்கம் கதவோரத்தில் நின்றுகொண்டு அக்கா என்னிடம் சொன்னாள். “அவருகிட்டக் கேட்டேன் புள்ள. ‘ரிப்போர்ட்டு வந்துச்சா’ன்னேன். ‘வந்துச்சு’ன்னாரு. ‘எப்புடி இருக்கு’ன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு?”

ரயில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

“ரசத்துக்கும் அதே வார்த்த, உசுருக்கும் அதே வார்த்த” என்றாள் அக்கா. “நல்லா இருந்தா வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்லிறமாட்டாரா? இல்லங்கிறதாலதான் இப்புடிச் சொல்றாரு. டூர கெடுத்துறக் கூடாதுன்னு பாக்குறாரு. சரி, நானும் கேக்கல. மொதல்ல அந்தக் கொகையப் பாத்துருவோம்.”

அழவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், டிபன் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் புளிச்சோறு போட்டாள். போட்டுக்கொண்டே, கூட்டத்தைச் சிரிக்க வைக்க அண்ணனின் இளமைக் கதை ஒன்றையும் எடுத்துவிட்டாள்.

“இவருக்கு அவுக ஊர்ல வேற பேரு தெரியுமா? கொள்ளிக்கண்ணன்! பத்து வயசுல இவுக மாமா வீட்டு மாட்டப் பாத்து, ‘அடேங்கப்பா, எம்புட்டுப் பெரிய மடி’ன்னாராம். மறுநாளு அந்த மாடு பாம்பு கடிச்சுப் போச்சாம். அப்பறம் சித்தப்பா வீட்டுப் பலா மரத்தப் பாத்து, ‘என்னா காய்ப்பு’ன்னாராம். அந்த வாரமே காத்துல மரம் சாஞ்சுருச்சு. அதுக்கப்பறம் வீட்டுல ஒரு தொட்டிலு கட்டுனா, ஒரு சீமந்தம் வச்சா, ‘அவன அங்கிட்டு நிக்கச் சொல்லு’ம்பாகளாம். பாவம், பந்திக் கடைசியிலதான் இவருக்குச் சோறாம்!”

எல்லோரும் சிரித்தோம். வாத்தியார் மீசை துடிக்கச் சிரித்தார். “படிச்சவரு, லேப்ல வேல பாக்குறவரு. இதெல்லாம் நம்புற ஆளா நம்மண்ணன்?” என்றார். அண்ணன் புளிச்சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “சோறு எப்படிண்ணே?” என்றேன். “பரவால்ல” என்றார்.

விசாகப்பட்டினத்திலிருந்து மலை ரயில். சுரங்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் பெட்டியே ‘ஓ’ என்று கத்தியது. எங்கள் வாத்தியாரும் வயசை மறந்து கத்தினார். இறங்கினால் மூங்கிலுக்குள் கோழியைத் திணித்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த வாசனை ஒரு பக்கம், குரங்குகள் ஒரு பக்கம். எங்கள் கையிலிருந்த முறுக்குப் பொட்டலம் குகை வாசலோடு அவற்றுக்குச் சொந்தமாயிற்று.

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் பாறைக்குப் பஞ்சமில்லை. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் என்று எங்கு திரும்பினாலும் கல். ஆனால் அதெல்லாம் வெயிலில் கிடக்கிற கல். ஏறிப் பார்க்கலாம், குனிந்து இரண்டடி உள்ளே போகலாம். இது அப்படியில்லை. மலை வாயைத் திறந்துகொண்டு நின்றது. எங்கள் மொத்த பஸ்ஸையும் டிரைவரோடு உள்ளே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். படி இறங்க இறங்க வெளிச்சம் பின்னால் நின்றுவிட்டது. சில்லென்று ஒரு காற்று, வௌவால் நாற்றம், எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். பச்சை, சிவப்பு, நீலம் என்று லைட்டுப் போட்டிருந்தார்கள். மேலிருந்து கல் விழுதுவிழுதாகத் தொங்கியது. கீழிருந்து கல் எழும்பி நின்றது. சில இடத்தில் மேலிருப்பதும் கீழிருப்பதும் ஒன்றையொன்று தொட்டுத் தூணாகிவிட்டன.

கைடு தமிழ் தெரிந்த தெலுங்கர். டார்ச்சை அடித்து அடித்துக் காட்டினார். “இதி சிவன், பார்வதி. இதி ரிஷி தாடி. இதி மொதலை.” மனிதன் விசித்திரமானவன். எங்கும் பார்க்காத ஒன்றைப் பார்க்க இத்தனை தூரம் வந்துவிட்டு, அதில் தனக்குத் தெரிந்த முகத்தைத்தான் தேடுகிறான். வாத்தியார் ஒரு பாறையில் மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு பாறை எங்கள் மேனேஜர் கொட்டாவி விடுவதுபோலவே இருந்தது. அக்கா எதற்கும் உருவம் தேடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவள் கிராப்புத் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவள் நகரவில்லை. கண் நிறைய, ஊருக்கு எடுத்துக்கொண்டு போகிறவள் மாதிரி பார்த்தாள்.

பெரிய மண்டபம் போன்ற ஓர் இடத்துக்கு வந்தோம். கைடு குரலை உயர்த்தினார். “இந்தக் கல்லு விரல் அளவு வளர எத்தனையோ நூறு வருஷம். மொத்தமா லட்சக்கணக்கான வருஷம் சார்!”

அண்ணன் முன்னால் வந்தார். டூரில் அவர் கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை.

“ஏங்க, இது விழுவாதா?”

“விழாது சார்.”

“ஒருவேள பெருங்காத்து, மழ...?”

கைடு சிரித்துவிட்டு மேலே காட்டினார். “நம்ம தலைக்கு மேல என்ன தெரியுமா? நீங்க வந்தீங்களே, ரயிலு! அந்த லைனு. தெனம் கூட்ஸ் வண்டி இரும்பு ஏத்திட்டுப் போகுது. இதுக்கு ஒண்ணும் ஆகல. யாராலயும் இத ஒண்ணும் பண்ண முடியாது சார்.”

அண்ணன் மேலே பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, ஓரக்கண் இல்லாமல் நேராக ஒரு பொருளைப் பார்த்தார்.

“அடேங்ங்கப்பா!”

குகை முழுக்க ‘அப்பா... அப்பா...’ என்று திரும்பி வந்தது. வௌவால்கள் கலைந்தன. வாத்தியாரின் கை தானாகவே மீசைக்குப் போனது.

“ஆகா! என்னா அழகு! என்னா ஒயரம்! இந்தா, இதப் பாரு, பூ மாதிரி விரிஞ்சிருக்கு. யாத்தே, எம்புட்டு நாளா நிக்கிது, ஒரு கீறலு இல்ல, ஒரு கொற இல்ல! ராசாத்தி மாதிரில்ல நிக்கிது!”

நிறுத்தவே இல்லை. ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு ஓடினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை. இத்தனை வார்த்தைகளை எந்த மூலையில் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. பெங்காலிக் குடும்பம் ஒன்று நின்று வீடியோ எடுத்தது. “சாருக்கு சாமி வந்துடிச்சா?” என்று கைடு என்னைக் கேட்டார்.

வசந்தா அக்கா கம்பியை விட்டுவிட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஏங்க, நீங்க மனுசந்தானா?”

அண்ணன் நின்றார்.

“கல்யாணம் கட்டி வந்த நாளாச் சேலையக் காட்டுனேன், கொழம்பக் காட்டுனேன், பெத்த புள்ளயத் தூக்கிக் காட்டுனேன். ஒத்த வார்த்த உண்டா ஒங்க வாயில? இந்தக் கல்லப் பாத்து ராசாத்திங்கிறீங்க. நான் உள்ள ஒண்ண வச்சுக்கிட்டுத் தூங்காமக் கெடக்குறேன், எனக்குப் பரவால்ல. இந்தக் கல்லுக்கு அடேங்கப்பாவா? அப்ப நான் இந்தக் கல்லவிடக் கேவலமா?”

“இந்தா, சத்தம் போடாத வசந்தா...”

“போடுவேன்!” ‘வேன்... வேன்...’ என்று குகையும் சேர்ந்துகொண்டது.

அண்ணன் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். ஒளிய இடமில்லாதவர்போல் இருந்தது முகம். பிறகு மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதும் அங்கே எல்லோருக்கும் கேட்டது.

“கல்லுக்குச் சொன்னா ஒண்ணும் ஆவாது வசந்தா. மேல ரயிலே போவுது. எங்கண்ணு என்ன பண்ணிரும்? நீ என்ன கல்லா? ஒன்னப் பாத்து ஒரு வார்த்த சொல்லி, ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னா பண்ணுவேன்?”

ரயிலில் புளிச்சோற்றோடு சேர்த்து நாங்கள் சிரித்து விழுங்கிய கதை, பத்து வயசிலிருந்து அந்த மனிதருக்குத் தொண்டையிலேயே நின்றிருக்கிறது. ஓரக்கண்ணால் பார்த்த பெண்ணை, பெற்ற மகளை, டிரைவரின் பஸ்ஸை, மாமாவின் விருந்தை, வாத்தியாரின் மீசையைக்கூட, எல்லாவற்றையும் இவர் தன் கண்ணிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தோம்.

அக்கா இன்னும் ஓரடி முன்னால் வந்து, “ரிப்போர்ட்டு?” என்றாள்.

“அதான் பரவால்லன்னு...”

“அந்த வார்த்தய விடுங்க. நல்லாருக்கா, இல்லையா?”

“வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்லி, மாமா மாடு மாதிரி ஆயிருச்சுன்னா?”

“என்னைய மாடுங்கிறீங்களா?”

“இல்லத்தா, இல்ல...” அண்ணன் அவளுக்கு இன்னும் பக்கத்தில் வந்தார். ஒரு கையால் பக்கத்துத் தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தொடக் கூடாது என்று போர்டு இருந்தது. கைடு பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. “அது வெறும் கொழுப்புக் கட்டி. வேற ஒண்ணுமே இல்ல. மூணு தடவ பாத்தேன். எங்க லேபு பெரிய டாக்டரம்மாவயும் கூப்புட்டுப் பாக்கச் சொன்னேன். நீ நல்லாருக்க வசந்தா. நல்லா இருக்க.” சொல்லி முடித்த அடுத்த நொடி அவருக்குப் பயம் வந்துவிட்டது. சட்டென்று அவள் தலைக்கு மேலே திரும்பி, “த்தூ, த்தூ, த்தூ!” என்று கண்ணேறு கழித்தார்.

எங்கிருந்தோ ஒரு விசில் சத்தம். காவலர் ஒருவர் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். குகைக்குள் எச்சில் துப்பக் கூடாது என்று தெலுங்கில் அவர் திட்டியது எங்கள் அத்தனை பேருக்கும் அர்த்தத்தோடு புரிந்தது. “எச்சி இல்லீங்க, வெறும் காத்துதாங்க” என்று அண்ணன் வாயைத் திறந்து காட்டினார். கைடு குறுக்கே புகுந்து ஏதோ நீளமாக விளக்கினார். காவலர் அக்காவைப் பார்த்தார், அவள் தலைமுடியைப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் யாராவது அதிகாரி இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அவரே அக்காவின் தலைக்கு மேல் சத்தமில்லாமல் ஒரு ‘த்தூ’ போட்டுவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சத்தத்தை அந்தக் குகை நாலைந்து தடவை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

வாத்தியாரை யாரும் வற்புறுத்தவில்லை. மேலே வந்ததும் அவரே, “இங்கிட்டு சலூன் எங்க இருக்கு?” என்று விசாரித்துக்கொண்டு போனார். மீசையில்லாமல் திரும்பி வந்தவரை ரயிலில் எங்கள் சீட்டில் உட்கார விடாமல் அண்ணனே, “ரிசர்வேசன் சார் இது” என்று தடுத்தார். அடையாளம் தெரிந்ததும் உற்றுப் பார்த்தார். என்ன சொன்னார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு டாக்டரும் கொழுப்புக் கட்டி என்றுதான் சொன்னார். மறுநாள் ஏழே முக்கால் பஸ்ஸில் அக்கா எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

அண்ணன் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். திருந்தவில்லை. மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் மரங்களுக்கும் இன்றும் ‘பரவால்ல’தான். ஆனால் வீட்டில் ஓர் ஏற்பாடு நடக்கிறது. அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் ஆட்டுக்கல் பக்கத்தில் நிற்பாள். அண்ணன் வந்து ஆட்டுக்கல்லை நேராகப் பார்த்து, “அடேங்கப்பா, என்னா நெறம்! என்னா எடுப்பு!” என்பார். அக்கா, “எது, கல்லா?” என்பாள். “ஆமா, கல்லுதான்” என்பார். பஸ்ஸில் வரும்போது அந்த வேலையை மைல்கல் செய்கிறது. ஜன்னல் வழியாக அவர் ஒரு மைல்கல்லைப் பார்த்து, “ஆகா, இன்னைக்கு என்னா அம்சமா இருக்கு!” என்றால், என் பக்கத்து சீட்டில் அக்கா தலையிலிருக்கும் பூவைச் சரிசெய்துகொள்கிறாள்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுது புள்ள. ஆனா அவரப் பத்தி ரொம்ப நல்லதா எதுவும் எழுதிப்புடாத. ஊர்க்கண்ணு பொல்லாதது.” அவளுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

எனக்கும்தான். அவரைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றும் நல்ல வார்த்தைகளையெல்லாம் நேற்றே எங்கள் வீட்டு அம்மிக்கல்லைப் பார்த்து ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டேன். உங்களுக்குச் சொல்ல மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: மனிதர் பரவாயில்லை.